கோழியில் தொடங்கிய வதந்தி: நோய்க்காலச் செய்தியைச் சரிபார்க்கவும், சொந்தக்காரரோடு அதைப் பேசவும் ஒரு முழு வழிகாட்டி

2020 பிப்ரவரி கடைசியில், பல்லடம் பக்கத்தில் இருக்கும் என் மாமாவின் பிராய்லர் பண்ணையில் பிடிக்கிற எடையைத் தாண்டியும் கோழிகள் அப்படியே நின்றன. ஏற்றிப் போக வண்டி வரவில்லை. கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு செய்தி, கூடவே ஏதோ சீக்குக் கோழியின் படம், எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. பண்ணை விலை வளர்ப்புச் செலவுக்குக் கீழே இறங்கியது. நாமக்கல்லில் முட்டை தேங்கியது. தெலங்கானாவில் அமைச்சர்களே மேடையேறிக் கோழிக்கறி தின்று காட்ட வேண்டியிருந்தது. அன்று மாமா போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "எந்த டாக்டர் சொன்னான்? எந்த ஊரு, எந்தப் பண்ணை? ஒரு பேரு இருக்குதா மாப்ள இதுல?"

பதினான்கு மாதம் கழித்து அதே மாமா எங்கள் "நம்ம சொந்தம்" வாட்ஸ்அப் குழுவில், தடுப்பூசி போட்டால் மாரடைப்பு வரும் என்று ஒரு செய்தியை அனுப்பினார். அதில் டாக்டர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

இந்த வழிகாட்டி அந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டது. முதல் பாதி செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்பதைப் பற்றியது, இரண்டாம் பாதி அனுப்பியவரோடு எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுச் சண்டைக்குக் கிளம்பிவிடாதீர்கள். நான் அப்படித்தான் கிளம்பினேன்.

படி 1: செய்தியை ஒற்றை வரிகளாக உடையுங்கள்

நீளமான ஃபார்வர்டு ஒரு மூட்டை மாதிரி. நல்ல சரக்கும் சொத்தையும் கலந்துதான் இருக்கும். மொத்தமாக "இது பொய்" என்றால், அதில் இருக்கும் நல்ல சரக்கைக் காட்டி உங்களை மடக்கிவிடுவார்கள்.

2020 மார்ச்சில் யுனிசெஃப் பெயரில் ஒன்று வந்தது. வைரஸ் 400 முதல் 500 மைக்ரோ அளவு பெரியது, அதனால் எந்த மாஸ்க்கும் தடுத்துவிடும். 26, 27 டிகிரி வெயிலில் செத்துவிடும். சுடுதண்ணீர் குடி, ஐஸ்கிரீம் தின்னாதே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அதை நானே நாலு பேருக்கு அனுப்பினேன். யுனிசெஃப் அது தங்களுடையது இல்லை என்று மறுத்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன்.

இப்போது உடைத்துப் பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவு: சரி. 27 டிகிரியில் சாகும்: நம் உடம்புச் சூடே 37 டிகிரி. 27-இல் சாகிற கிருமி மனிதனுக்குள் ஒரு நாள்கூடத் தாங்காது. மார்ச் மாத ஈரோட்டு வெயிலுக்கு அது பவானியைக்கூடத் தாண்டியிருக்காது. 400 மைக்ரோ: அது கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர், கண்ணாலேயே பார்த்துவிடலாம். உண்மையில் அந்த வைரஸ் ஒரு மைக்ரோவில் பத்தில் ஒரு பங்குதான். இதற்கு டாக்டர் படிப்பு தேவையில்லை. ஒரு வரியைத் தனியாக எடுத்து வைத்து நிதானமாகப் பார்த்தால் போதும். நான் அன்று பார்க்கவில்லை.

உடைக்கும்போது இன்னொன்றையும் பிரித்துவிடுங்கள். எல்லா வரியும் சரிபார்க்க வேண்டிய வரி இல்லை. 2021 மே மாதம் கோவைக்குப் பக்கத்தில் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவி சிலை வைத்தார்கள். வடநாட்டு டிவி எல்லாம் வந்து சிரித்துவிட்டுப் போனது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்தபோது கோவையில் பிளேக் மாரியம்மனை வைத்துக் கும்பிட்டவர்கள்தான் நம் ஆட்கள். அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. அம்மனைக் கும்பிடுகிறவர் உங்களிடம் எந்தத் தகவலும் சொல்லவில்லை. அவரோடு என்ன வாதம்? கபசுரக் குடிநீரும் அப்படித்தான். "தினம் ஒரு டம்ளர் குடிக்கிறேன்" என்றால் விட்டுவிடுங்கள். "குடிக்கிறேன், அதனால் ஊசி வேண்டாம்" என்றால், அந்த "அதனால்" என்கிற ஒரு சொல்லில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

படி 2: தேதியும் இடமும்

இது சின்ன வேலை. பத்து நிமிடம் ஆகும், பாதி வதந்தி இங்கேயே விழுந்துவிடும்.

படம் இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டு, அது முதலில் எப்போது வந்தது என்று பாருங்கள். இத்தாலியில் கொரோனாவில் செத்தவர்களின் சவப்பெட்டிகள் என்று 2020-இல் சுற்றிய ஒரு படம், 2013-இல் லம்பெடூசா தீவுக்குப் பக்கத்தில் அகதிகள் படகு மூழ்கியபோது எடுத்தது. கேரளத்தில் நிபா என்றதும் வாளையார் தாண்டி நமக்கு வரும் செய்திகளில், 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்த காலத்துப் பழைய பதிவுகள் தேதி உரிந்துபோய் மறுபடி நடமாடும். "இன்று காலை", "நேற்று இரவு" என்று போட்டுத் தேதி போடாத செய்தி எல்லாமே எனக்குச் சந்தேகம்தான்.

வாட்ஸ்அப்பில் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து கையாவது மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரலில் இருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அந்த அம்பு போய்விடும். அதையும் நம் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

படி 3: எதற்கு யாரைக் கேட்பது

எல்லாக் கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. மஞ்சள் விலைக்கு ஈரோட்டு மார்க்கெட், பனியன் ஆர்டருக்குத் திருப்பூர் என்று நாம் வைத்திருப்பது போலத்தான் இதுவும்.

அரசு உத்தரவு உண்மையா என்று தெரிய மாவட்ட ஆட்சியர் அலுவலக அறிவிப்பு, சுகாதாரத் துறை அறிக்கை, மத்திய அரசின் பிஐபி ஃபேக்ட் செக். கடைசியாகச் சொன்னது அரசின் கை. "இப்படி ஓர் ஆணை வந்ததா" என்று கேட்க அது பொருத்தம், அரசு செய்தது சரியா என்று கேட்க அது இடமில்லை. சுற்றிவரும் வீடியோவுக்குத் தமிழில் யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் உண்டு. உங்கள் உடம்புக்கு என்ன என்றால் உங்களைத் தொட்டுப் பார்த்த டாக்டர். அவர் கிடைக்காத நேரத்தில் 104.

"ஆராய்ச்சியில் கண்டுபிடிச்சிருக்காங்க" என்று வந்தால் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். பெரிய பத்திரிகையில் வந்தால்கூட ஒரே ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்ட வேண்டாம். கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை ஆபத்து என்று சொன்ன கட்டுரை 2020 மே 22 அன்று லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மாத்திரையை நிறுத்தி வைத்தது. ஆஸ்பத்திரிகளில் இருந்து எடுத்ததாகச் சொன்ன தரவை யாராலும் சரிபார்க்க முடியவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. அடுத்த நாளே, இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் முறையாக நடத்திய இன்னொரு பரிசோதனையில் அந்த மாத்திரையால் பயன் இல்லை என்று தெரிந்தது. தப்பான கட்டுரை விழுந்தது, மாத்திரையும் தேறவில்லை. இரண்டில் எதை முதலில் பார்த்தாரோ அதையே பிடித்துக்கொண்டு நிற்கும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

படி 4: "நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு"

நம்பிக்கை உடைந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரிடமும் பேசப் போக வேண்டாம்.

2020 தொடக்கத்தில் நோயாளியும் பார்த்துக்கொள்கிறவரும் மாஸ்க் போட்டால் போதும் என்றது உலக சுகாதார நிறுவனம். ஜூன் 5 அன்று பொதுமக்களும் துணி மாஸ்க் போடலாம் என்றது. மார்ச் 28 அன்று இது காற்றில் பரவும் நோய் இல்லை என்று அடித்துச் சொன்னது. பின்னால் பரவும் என்று ஒப்புக்கொண்டது. நம் நாட்டில், நோயில் இருந்து குணமானவர்களின் இரத்தத்தில் எடுக்கும் பிளாஸ்மா கேட்டு எத்தனை பேர் எத்தனை பேருக்குப் போன் போட்டார்கள்! மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் 39 மருத்துவமனைகளில் 464 பேரை வைத்து நடத்திய பரிசோதனையில் அதனால் நோய் முற்றுவதோ சாவதோ குறையவில்லை என்று 2020-லேயே தெரிந்துவிட்டது. சிகிச்சை நெறிமுறையில் இருந்து அதை எடுத்தது 2021 மே 17 அன்று. இரண்டாம் அலை உச்சியில் இருந்த நேரம் அது.

கோவிஷீல்டு இரண்டாம் டோஸ் முதலில் நாலு முதல் ஆறு வாரம், அப்புறம் ஆறு முதல் எட்டு, 2021 மே 13 அன்று பன்னிரண்டு முதல் பதினாறு. "ஊசி கைவசம் இல்லைங்க, அதான் தள்ளிப் போடறாங்க" என்று எங்கள் குழுவில் ஓர் அண்ணன் எழுதினார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று தட்டுப்பாடு இருந்தது. இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடுகிறது என்பதற்கு வெளிநாட்டு ஆய்வுகளும் அப்போது இருந்தன. இரண்டும் ஒட்டுக்கா உண்மையாக இருக்கலாம்.

அறிவுரை மாறினால் இரண்டு கேள்வி கேளுங்கள். மாறியதற்குக் காரணம் சொன்னார்களா? அந்தக் காரணத்துக்குப் பின்னால் புதிய ஆய்வு இருக்கிறதா, கையிருப்பு இருக்கிறதா? வதந்தி என்றைக்கும் "நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று திருத்திக்கொண்டதில்லை என்பதும் இந்த இடத்தில் ஞாபகம் இருக்கட்டும்.

படி 5: எண் வந்தால் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

"செத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊசி போட்டவர்கள்" என்று ஒரு செய்தி வரும். பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஊரில் 1000 பெரியவர்கள், 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்கு 5 பேர் சாகிறார்கள், போட்டவர்களில் நூற்றுக்கு 1. போடாதவர் சாவு 5, போட்டவர் சாவு 9. செத்த 14 பேரில் 9 பேர் ஊசி போட்டவர்கள்! ஆனால் ஊசியே இல்லாமல் இருந்திருந்தால் 50 பேர்.

பக்கவிளைவு எண்ணும் இப்படித்தான். 2024-இல் ஒரு லண்டன் வழக்கை ஒட்டி, கோவிஷீல்டு ஊசியை உருவாக்கிய அஸ்ட்ராஜெனெகா கம்பெனியே அதனால் அரிதாக இரத்தம் உறைவதை "இப்போதுதான் ஒப்புக்கொண்டது" என்று நம் குழுக்கள் அலறின. ஐரோப்பிய மருந்து முகமை அதை 2021 ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது. ஊசியின் பக்கவிளைவை ஆராயும் நம் நாட்டுக் குழு அதே ஆண்டு மே மாதம் கணக்கு வெளியிட்டது: 10 லட்சம் டோஸுக்கு 0.61 பேர். பக்கவிளைவு உண்மை. மூடி மறைத்தார்கள் என்பதுதான் பொய். "பக்கவிளைவே கிடையாது" என்று நீங்கள் மார் தட்டியிருந்தால் அன்றைக்கு உங்கள் முகம் என்ன ஆகியிருக்கும்?

படி 6: குழுவில் வேண்டாம், போன் போடுங்கள்

இனிமேல்தான் கஷ்டமான பாதி.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் எல்லாரும் ஊசி போட வேண்டும் என்று சொல்லித் தானும் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி காலமானார். இதய இரத்தக்குழாயில் அடைப்பு, ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். அக்டோபரில் தேசியக் குழுவும் அதையே உறுதி செய்தது. ஆனால் நடுவில் இருந்த அந்த ஆறு மாதம்! மாமாவின் ஃபார்வர்டு அந்த நேரத்தில் வந்ததுதான்.

நான் என்ன செய்தேன்? 64 பேர் இருக்கும் குழுவில் மூன்று இணைப்புகளை ஒட்டி, கீழே "படிச்சவங்க யாரும் இதை நம்ப மாட்டாங்க மாமா" என்று எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அரை மணி நேரத்தில் மாமா குழுவை விட்டு வெளியேறிவிட்டார். ராத்திரி அத்தை போன் செய்தார்: "எல்லார் முன்னாடியும் அவரப் படிக்காதவர்னு சொல்லிப்போட்டியே கண்ணு." நான் அப்படிச் சொல்லவில்லை என்று வாதாடினேன். திரும்பப் படித்தபோது அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து நானே கூப்பிட்டேன். அதற்குள் கோவை, தினசரித் தொற்றில் சென்னையைத் தாண்டியிருந்தது. சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனை நிரம்பிக் கிடந்தது. கொட்டகையில் தீவனம் போட்டு முடிக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன், நேரமும் முக்கியம்.

"இந்த பேட்ச்சுக்கு லசோட்டா தடுப்பு மருந்து போட்டாச்சுங்களா மாமா?"

"ஏழாம் நாளே போட்டாச்சு. ஏன்?"

"போட்டும் கோழி சாகுதுங்களே."

"அது சாகும் மாப்ள. எட்டாயிரத்துல நாலு அஞ்சு தெனம் போகத்தான் செய்யும். போடாட்டி வெள்ளக்கழிச்சல் வந்து கொட்டகையே காலி."

"செத்ததெல்லாம் மருந்து போட்ட கோழிதானுங்களே?"

"போடாத கோழி நம்மகிட்ட ஏது?" என்றவர் நிறுத்தினார். தீவனத் தட்டு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. "நீ எங்க வர்றேன்னு தெரியுது" என்றார். கோபம் இருந்தது, ஆனால் போனை வைக்கவில்லை.

படி 5-இல் போட்ட அதே கணக்குதான் இது. என் கணக்கை அனுப்பியிருந்தால் அவர் திறந்தே பார்த்திருக்க மாட்டார். ஒவ்வொருவருக்கும் யாராலும் ஏமாற்ற முடியாத ஒரு தொழில் இருக்கும். தறிக்காரருக்கு நூல், மண்டிக்காரருக்கு மஞ்சளின் ஈரம். அந்தத் தொழிலில் அவர் கேட்கிற கேள்வியைத் தேடிப் பிடியுங்கள். என் மாமா 2020-இலேயே கேட்ட கேள்வி இருந்தது: எந்த டாக்டர், எந்த ஊர், பேர் என்ன. அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

படி 7: அவர் சொல்வதில் சரியானதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்

அப்புறம் மாமா அடுக்கினார். கவர்மெண்டு சாவுக் கணக்கை மறைக்குது. ஆஸ்பத்திரியில பணம் புடுங்கறாங்க. நம் உறவில் ஒருவருக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் போட்ட பில்லை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சாவுக் கணக்கைப் பொறுத்தவரை, 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பிற்பாடு மதிப்பிட்டது. அரசுக் கணக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான். மத்திய அரசு அந்த முறையையே ஏற்கவில்லை. மின்மயானங்களைப் பார்த்த எவரும் அன்று மாமாவைப் பைத்தியம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அது சரிதானுங்க மாமா" என்றேன். சாவைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்றால் நோய் அவர்கள் சொல்வதைவிடப் பெரியது என்றுதானே ஆகிறது, அப்போது ஊசி இன்னும் அவசரம் இல்லையா என்றும் கேட்டேன். இந்த இரண்டாவது கேள்வியை அன்றே கேட்டிருக்கக் கூடாது. ஒத்துக்கொண்ட கையோடு மடக்கினால், ஒத்துக்கொண்டதே ஒரு தந்திரம் என்று தோன்றிவிடும். அவருக்குத் தோன்றியது. பேச்சு அதோடு முடிந்தது.

படி 8: குழுவுக்கு என்ன எழுதுவது

அனுப்பியவரிடம் தனியாகப் பேசினாலும், பார்த்த மற்ற 60 பேர் இருக்கிறார்களே. அவர்களுக்காக ஒரே ஒரு பதிவு போடுங்கள், அனுப்பியவரின் பெயரைக் குறிப்பிடாமல். உண்மையை முதல் வரியில் வையுங்கள், பொய்யைத் திரும்ப எழுத வேண்டாம். இப்படி எழுதலாம்: "விவேக் சார் மரணத்துக்குக் காரணம் இதய இரத்தக்குழாய் அடைப்பு என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஊசி பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் 104-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்." இரண்டு வரி. இணைப்பு ஒன்று போதும். சிரிப்புப் படம் வேண்டவே வேண்டாம். பதிலுக்கு யாராவது கிண்டினால் அன்றைக்கு அங்கே திரும்பப் போகாதீர்கள்.

நீங்களே தப்பாக ஒன்றை அனுப்பியிருந்தால், அழித்துவிட்டுச் சும்மா இருக்காமல், "போன வாரம் நான் போட்டது தப்பு" என்று எழுதுங்கள். 27 டிகிரி கதைக்கு நான் அதைத் தாமதமாகத்தான் செய்தேன். ஆனால் என் பதிவுகளில் அதிகம் பேர் பதில் போட்டது அதற்குத்தான்.

படி 9: எப்போது பேசுவதை நிறுத்துவது

இரண்டு முறை பேசியும் அதே இடத்தில் நின்றால் நிறுத்திவிடுங்கள். மாட்டு விலை, மழை, பேத்தி படிப்பு என்று வேறு எதையாவது பேசுங்கள். தொடர்பு அறுந்துவிட்டால் மூன்றாம் முறை பேச ஆளே இருக்காது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மூச்சு வாங்குகிறது, ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டுகிறது, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ பொடியைத் தின்கிறார் என்றால் அங்கே வாதமே கிடையாது. 108-க்குக் கூப்பிடுங்கள், அல்லது வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நில்லுங்கள். கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாமா ஜூன் கடைசியில் ஊசி போட்டுக்கொண்டார். என் பேச்சால் என்று சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் போகும்போது இவரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார், விடியற்காலையில் டோக்கனுக்கு வரிசையில் நின்றார்கள். குழுவில் இன்னும் திரும்பச் சேரவில்லை. எதாவது ஃபார்வர்டு வந்தால் எனக்கு மட்டும் தனியாக அனுப்புகிறார், காலை ஐந்தரை மணிக்கு, கீழே ஒற்றைக் கேள்விக்குறியோடு. போன முறை வந்தது பறவைக் காய்ச்சல் பற்றியது. நான் எழுந்து பார்ப்பதற்குள் அவரே இன்னொரு வரி அனுப்பியிருந்தார்: "படம் பழசு. நம்ம டீலர் கிட்ட கேட்டுட்டேன்."